சேனல் 41: கணக்கில் வராத வீடுகள்

இன்றைய எபிசோடை டிவி பெட்டியின் ஒரு குமிழிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரிமோட் பரவலாவதற்கு முந்தைய அமெரிக்க டிவி பெட்டியை நினைத்துக்கோங்க. முன்பக்கத்தில் ஒரு குமிழ். திருகினால் டக் டக்கென்று சேனல் மாறும். எண்கள் 2-இல் தொடங்கி 13-இல் முடிந்துவிடும்.

1955-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்தில் ஒருத்தர் புதிதாக ஒரு டிவி நிலையம் திறந்தார். அவருடைய சேனல் எண் 41.

பிரச்சினை புரியுதா? ஊரில் பெரும்பாலான பெட்டிகளில் அப்படி ஒரு எண்ணே கிடையாது.

அந்த மனிதர் ராவுல் கோர்டெஸ். மெக்சிகோவின் ஹலாப்பா நகரில் 1905-இல் பிறந்தவர். சான் அன்டோனியோவில் லா பிரென்சா என்ற ஸ்பானிஷ் நாளிதழில் நிருபராக வேலை பார்த்தார். அப்புறம் ரேடியோ ஆசை வந்தது. அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் நிகழ்ச்சி போடணும்னா, ஆங்கில ரேடியோ நிலையத்திடம் நேரத்தை விலைக்கு வாங்கி, நீங்களே விளம்பரம் பிடித்து அந்தக் காசைத் தேத்தணும். கோர்டெஸும் அப்படித்தான் ஒரு பல்சுவை நிகழ்ச்சி நடத்தினார். வாடகை வீட்டில் குடியிருக்கிற மாதிரி. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் கேட்கணும்.

1944-இல் சொந்த நிலையத்துக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போர் காலம், புது நிலையங்களுக்கு லேசில் அனுமதி கிடைக்காது. மெக்சிகன் அமெரிக்கர்களைப் போர்ப் பணிக்குத் திரட்ட இந்த ரேடியோ உதவும் என்று அவர் வாதாடினார். கே.சி.ஓ.ஆர். என்ற அந்த ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது 1946-இல்; அதற்குள் போரே முடிந்துவிட்டது! பெயரைக் கவனிச்சீங்களா? முதல் எழுத்தை விட்டால் மீதி அவருடைய பெயரின் முதல் மூன்று எழுத்து.

இங்கே கொஞ்சம் நிற்கணும். ஒரு நகரத்தில் இன்னொரு மொழியில் ரேடியோ, டிவி நடத்துவது வெறும் பொழுதுபோக்கு வியாபாரம் என்று தோன்றலாம். டெக்சாஸில் அது அப்படி இல்லை. 1918-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்தினால் ஆசிரியர் மீது கிரிமினல் வழக்கு. சட்டம் ஆசிரியருக்குத்தான், ஆனால் அடி விழுந்தது பிள்ளைகளுக்கு. விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷ் பேசினாலே தண்டனை: பிரம்படி, அபராதம், வகுப்பு முடிந்தும் வீட்டுக்கு விடாமல் உட்கார வைப்பது. இரண்டு மொழியில் பாடம் நடத்த அங்கே சட்டம் வழிவிட்டது 1969-இல்தான்.

கோர்டெஸ் இந்தச் சண்டையிலும் இருந்தார். லூலாக் என்ற மெக்சிகன் அமெரிக்கர் உரிமை அமைப்புக்கு 1948-இல் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு, லூலாக் ஆதரவோடு நடந்த டெல்காடோ வழக்கில், மெக்சிகன் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் முதல் வகுப்பில் மட்டும், மொழிக் காரணம் காட்டித் தனி வகுப்பு வைக்கலாம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தது. அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் பிரிவினை திரும்ப உள்ளே வந்தது.

இப்ப 1955-க்குத் திரும்பலாம். சேனல் 41 மாலை 5 மணிக்குத் தொடங்கும், நள்ளிரவு வரை ஓடும். மெக்சிகன் படங்கள், ஸ்டுடியோவிலிருந்து நேரலையாகப் பாட்டும் நகைச்சுவையும் கலந்த பல்சுவை நிகழ்ச்சிகள். அமெரிக்காவில் முழுநேரமும் ஸ்பானிஷில் ஓடிய முதல் டிவி நிலையம் இதுதான். பகலில் பள்ளியில் எந்த மொழிக்காகத் திட்டு வாங்கினானோ, சாயங்காலம் ஒரு பையன் அதே மொழியை வரவேற்பறையில், கண்ணாடித் திரையில் கேட்கிறான். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அந்த 5 மணி.

ஆனா அந்தப் பையன் வீட்டில் கன்வெர்ட்டர் இருக்கணும். 41 போன்ற எண்கள் யு.எச்.எஃப். அலைவரிசையில் இருந்தன. பழைய பெட்டியில் அதைப் பிடிக்கத் தனியாக ஒரு கருவி வாங்கி இணைக்கணும். எல்லாப் புதுப் பெட்டிகளிலும் யு.எச்.எஃப். இருக்கணும் என்ற சட்டம் வந்தது 1962-இல்; நடைமுறைக்கு வந்தது 1964-இல். கோர்டெஸுக்கு அது ரொம்ப லேட்.

கருவி வாங்கிப் பார்த்தவர்களும் கணக்கில் வரவில்லை. விளம்பர நிறுவனங்களுக்கு ரேட்டிங் எண்ணிக்கை வேண்டும். ரேட்டிங் எடுத்தவர்கள் ஸ்பானிஷ் பார்வையாளர்களைச் சரியாக அளக்கவே இல்லை. அளக்காததால் எண் இல்லை, எண் இல்லாததால் விளம்பரம் இல்லை. நஷ்டம் தாங்காமல் 1961-இல் நிலையத்தை விற்றார்.

வாங்கிய குழுவில் மெக்சிகோவின் டிவி சக்கரவர்த்தி எமிலியோ அஸ்காராகா இருந்தார், கோர்டெஸின் மருமகன் எமிலியோ நிக்கோலாஸும் இருந்தார். நிலையத்தின் பெயர் கே.டபிள்யூ.இ.எக்ஸ். ஆனது. லாஸ் ஏஞ்சலஸில் 1962-இல் இன்னொரு நிலையம், அப்புறம் இன்னும் பல ஊர்களில். 1976-இல் செயற்கைக்கோள் வழியாகத் தன் நிலையங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சி அனுப்பிய முதல் அமெரிக்க நெட்வொர்க் இவர்களுடையதுதான், பெரிய ஆங்கில நெட்வொர்க்குகளுக்கும் முன்னாலேயே. 1987-இல் அது யூனிவிஷன் ஆனது.

வெற்றிக் கதைதானே என்று கேட்பீங்க. பாதிதான் என்பேன். நெட்வொர்க் வளர வளர, திரையை நிரப்பியது மெக்சிகோ சிட்டியில் தயாரான டெலிநாவெல்லாக்கள். மொழி அதேதான், ஆனால் கதை நடந்த தெரு வேற. ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் டெக்சாஸ் குழந்தைக்கு அதில் இடம் குறைவு. அந்த இடத்தை நிரப்பியது ஒரு பொதுத் தொலைக்காட்சி. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் சேர்த்து இயங்கிய கே.எல்.ஆர்.என். 1970-இல் கர்ராஸ்கொலெந்தாஸ் என்ற குழந்தைகள் தொடரைத் தொடங்கியது. உருவாக்கியவர் ஐடா பர்ரேரா. பாத்திரங்கள் இரண்டு மொழியிலும் பேசும், பாடும், யாரும் யாரையும் திருத்தாது. சட்டம் மாறி ஒரு வருஷம்கூட முழுசா ஆகியிருக்காது. பின்னாடி அது நாடு முழுவதும் ஒளிபரப்பானது.

கோர்டெஸ் 1971-இல் இறந்தார். சான் அன்டோனியோ நகர மையத்தில் இருந்த பழைய நிலையக் கட்டடம் 2013 வரை நின்றது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காக அதை இடிக்கப் போவதாகத் தெரிந்ததும் உள்ளூர்க்காரர்கள் போராடினார்கள். அழகான கட்டடமே இல்லையே என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி கோபத்தைத்தான் தந்தது. டிவி நிலையத்தை யாராவது அழகுக்காகவா காப்பாத்துவாங்க? நவம்பரில் இயந்திரங்கள் வந்தன, குறுக்கே நின்ற சிலரைப் போலீஸ் கைது செய்தது, கட்டடம் போய்விட்டது.

நிலையம் வேறு இடத்திலிருந்து ஓடுகிறது. இன்றைக்கும் சான் அன்டோனியோவில் அதன் சேனல் எண் 41தான்.