திராட்சை நகருக்குத் தண்ணீர் தந்தவர்

வடபுலத்து இருப்புப்பாதைக் குடியிருப்பில் வாழும் நமக்குச் சங்க ஆண்டு விழா என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விருந்தேயாகும். மேடையில் நிகழும் உரைகள் நாளடைவில் மறந்து போகலாம். பந்தியில் பரிமாறிய பாயசத்தின் சுவையைப் பத்தாண்டு கழித்தும் சொல்வோர் நம்மிடையே உளர். ஆதலின், இவ்வாண்டு மலரில் விருந்துக்குப் பெயர்போன ஒரு நகரின் வரலாற்றை எழுதலாம் எனத் துணிந்தோம். அது பிரெஞ்சு நாட்டிலுள்ள டிஜோன் என்னும் பழம்பதியாகும்.

“உணவைப் பற்றி எழுதுக, மதுவுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் நம் சங்க மலரில் இடம்பெறலாமோ?” என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள்க. இக்கட்டுரையின் முடிவில் நாம் சென்று நிற்கப்போவது ஒரு தண்ணீர்க் குழாயின் அருகிலேயாம்.

நாம் இந்நகருக்கு நேரிற் சென்றோமில்லை. கட்டடப் பொறியியல் பயிலும் நம் மகன் ஓரிரவு ‘டார்சி விதி’ என்று உரக்கப் படித்துக் கொண்டிருந்தான். “டார்சி என்பவர் யாவர்?” என்று வினவினோம். “அது தேர்வுக்கு வாராது” என்றான். தேர்வுக்கு வாராத அக்கேள்வியே நம்மை நூலகத்துக்கு இழுத்துச் சென்றது. படித்தும் படங்களைக் கண்டும் அறிந்தவற்றைக் கொண்டு, அன்பர்களை ஒரு மனப்பயணத்துக்கு அழைக்கின்றோம்.

நகருக்குச் செல்லும் வழி

பாரிசு மாநகரில் ‘லியோன் நிலையம்’ எனப் பெயரிய பெரும் புகைவண்டி நிலையம் ஒன்றுண்டு. அங்கிருந்து பழைய இருப்புப்பாதை வழியே டிஜோன் சுமார் 315 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இன்றைய அதிவிரைவு வண்டிகள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான பொழுதில் அங்குச் சேர்க்கின்றன. ஊரை நெருங்குமுன் வண்டி பிளேசி என்னுமிடத்தில் 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரு மலைக்குடைவினுட் புகுந்து வெளிவரும். இக்குடைவை நினைவிற் கொள்க. மீண்டும் இதனிடம் வருவோம்.

நிலையத்தை விட்டிறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஒரு சதுக்கமும் அதனையடுத்து ஒரு பூங்காவும் எதிர்ப்படுகின்றன. பூங்கா வாயிலில் வெண்ணிறப் பனிக்கரடிச் சிலையொன்று நிற்கின்றது. அப்பால் 1788ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற கல் வளைவு ஒன்று, பழைய நகருக்கு வாயிலாக விளங்குகின்றது. சதுக்கத்தின் பெயர் டார்சி சதுக்கம். பூங்காவின் பெயர் டார்சி பூங்கா. ஊருக்குள் வருவோர் முதலில் காண்பது ஒரு பேரரசன் பெயரையன்று, ஒரு பொறியாளர் பெயரையாகும். அதன் காரணத்தை அறியுமுன் ஊரின் பெருமையைச் சிறிது காண்போம்.

கோமக்களின் தலைநகர்

டிஜோன், பர்கண்டி நாட்டின் தலைநகராயிருந்த ஊர். 1363 முதல் 1477 வரை வாலுவா மரபைச் சார்ந்த கோமக்கள் நால்வர், தந்தைக்குப்பின் மகனாக அந்நாட்டை ஆண்டனர். அவர்களுடைய செல்வமும் படைவலியும் பிரெஞ்சு மன்னர்களையே அஞ்ச வைத்தன. நால்வருள் இறுதியானவரான சார்லசு 1477இல் நான்சிப் போர்க்களத்தில் மடிந்தபின் பர்கண்டிக் கோமகநாடு பிரெஞ்சு மன்னன் கைப்பட்டது.

அவர்கள் விருந்தோம்பிய சிறப்புக்குச் சான்றாக, 1433இல் எழுந்த அரண்மனை அடுக்களை இன்றும் நிற்கின்றது. ஆறு பெரும் அடுப்புகள் சுற்றியமைய, அவற்றின் புகை நடுக்கூரை வழியே மேலே செல்லுமாறு அதனை அமைத்தனர். நம் திருமண மண்டபச் சமையற்காரர்கள் கண்டால் பெருமூச்செறிவார்கள்!

அங்குள்ள நோத்தர்தாம் தேவாலயத்தின் உச்சியில் ஒரு மணிக்கூண்டு உள்ளது. 1382இல் கோமகன் பிலிப்பு, தாம் வென்ற கோர்த்திரை நகரிலிருந்து அதனைக் கவர்ந்து வந்தார். சுத்தியல் ஏந்தி மணியடிக்கும் உலோக மனிதனுக்கு ‘சாக்மார்’ என்று பெயரிட்ட ஊரார், அவன் தனித்து நிற்பதைக் கண்டு இரங்கி, 1651இல் அவனுக்கு ஒரு மனைவியை அமைத்தனர். பின்னர் 1714இல் மகனும், 1884இல் மகளும் வந்து சேர்ந்தனர். ஒரு குடும்பம் நிறைவு பெற இருநூற்றாண்டுக்கு மேலாயிற்று! இத்தகைய நகைச்சுவை உடைய மக்கள் விருந்தில் வல்லவராயிருத்தல் வியப்பன்று.

கடுகும் திராட்சையும்

டிஜோன் என்றவுடன் உலகோர் நினைப்பது கடுகுக் குழைவையே. 1634இலேயே அவ்வூர்க் கடுகு வணிகர்க்கு முறையான சட்டதிட்டங்கள் வகுக்கப்பட்டன. கடுகை அரைத்து, பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாற்றையோ வெள்ளைத் திராட்சை மதுவையோ கூட்டிக் குழைப்பது அவ்வூர் வழக்கம். நம் இல்லங்களில் எண்ணெயில் வெடிக்கும் கடுகின் இனமே பெரும்பாலும் அங்கு அரைக்கப்படுகின்றது. நாம் தாளிக்கின்றோம்; அவர்கள் குழைக்கின்றனர். அவ்வளவே வேற்றுமை. ஆயினும் இன்று அதற்கு வேண்டும் கடுகில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகின்றது. 2021இல் அங்கு வறட்சி ஏற்பட்டு விளைச்சல் குன்றவே, 2022இல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகுக் குழைவுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. தொலைதூரத்தில் மழை பொய்த்தால் விருந்து மேசையில் கிண்ணம் வெறுமையாகும் என்பது இதனால் விளங்கும்.

நகரின் தெற்கே திராட்சைத் தோட்டங்கள் சரிவு சரிவாகத் தொடங்குகின்றன. 1395இலேயே கோமகன் பிலிப்பு, தரங்குறைந்ததென்று தாம் கருதிய ‘காமே’ என்னும் கொடிவகையைப் பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். ஒவ்வொரு துண்டு நிலத்தின் மண்ணுக்கும் தனிச்சுவை உண்டென்று கண்டு, எல்லையும் பெயரும் வகுத்துப் போற்றி வந்த அத்தகைய 1,247 நிலத்துண்டுகளை, டிஜோன் பழநகரோடும் சேர்த்து, 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது.

நீர் இல்லா நகரம்

இத்துணைச் சிறப்பு வாய்ந்த நகரில், 1840க்கு முன் வாழ்ந்த ஓர் ஏழைத் தாயை நினைத்துப் பார்ப்போம். அவள் குழந்தைக்கு ஒரு குவளை நல்ல தண்ணீர் இல்லை. கோமக்களும் வணிகரும் விலையுயர்ந்த மதுவைப் பருகிய ஊரில், பொதுமக்கள் மாசுபட்ட கிணற்று நீரையே குடித்து வந்தனர். ஊர் நடுவே ஓடிய சூசோன் ஓடை சாக்கடையாகிவிட்டிருந்தது. நிலத்தை ஆழத் துளைத்து நீர் காண முயன்றனர். போதிய நீர் கிட்டவில்லை.

இக்குறையைத் தீர்த்தவரே ஹென்றி டார்சி. அவர் 1803 சூன் 10ஆம் நாள் டிஜோனிலேயே பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். அவர் தாய் கடன் வாங்கி மகனைப் படிக்க வைத்தார். இத்தகைய தாய்மாரை நாமும் அறிவோம். டார்சி 1821இல் பாரிசுப் பல்தொழிற் பள்ளியில் சேர்ந்து, பின்னர்ப் பாலங்கள், சாலைகள் துறைப் பொறியாளராகித் தம் ஊருக்கே திரும்பினார்.

நகரிலிருந்து தொலைவிலிருந்த ரோசுவார் என்னும் ஊற்றை அவர் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து 12.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய கால்வாய் ஒன்றை அமைத்தார். இறைக்கும் பொறி எதுவும் இல்லாமல், நிலத்தின் சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு நீர் தானே ஓடி வந்தது. 1840 செப்டம்பர் 6ஆம் நாள் அந்நீர் நகர் வாயிலிலிருந்த நீர்த்தேக்கத்தை அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தெருக்களின் கீழ்ச் சுமார் 28 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் பதிக்கப்பட்டன. 100 மீட்டருக்கு ஒன்றாக 140க்கும் மேற்பட்ட தெருக்குழாய்கள் எழுந்தன. ஏழைகளுக்கு நீரை அளந்து கொடுத்தல் ஒரு நகரத்துக்கு அழகன்று என்பது அவர் கொண்ட கொள்கை.

இப்பெரும்பணிக்கு உரிய ஊதியத் தொகையைப் பெற்றுக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். நகராட்சி வழங்கிய பொற்பதக்கத்தையும், தம் வாழ்நாள் முழுதும் கட்டணமின்றிப் பெறும் தண்ணீரையுமே ஏற்றார். கைக்கு எட்டிய செல்வத்தை வேண்டா என்றவர்க்கு ஊர் தந்த பரிசு, அவர் ஊருக்குத் தந்த தண்ணீரே!

மலையைக் குடைந்த பாதை

இருப்புப்பாதைத் துறையில் காலங்கழிக்கும் நமக்கு அவர் மற்றொரு வகையிலும் உறவினராகின்றார். பாரிசிலிருந்து லியோனுக்கு இருப்புப்பாதை அமைக்க அரசினர் எண்ணியபோது, அது எவ்வழியே செல்வது என்னும் வழக்கு எழுந்தது. டிஜோன் வழியே கொண்டு செல்ல வேண்டுமாயின் இடையே மலை குறுக்கிட்டது. பிளேசியில் மலையைக் குடைந்து பாதை அமைக்கலாம் என்று வாதிட்டவர் டார்சி. அவ்வழியே ஏற்கப்பட்டு, 1851இல் டிஜோனுக்கும் பாரிசுக்கும் இடையே வண்டி ஓடலாயிற்று. நம் மனப்பயணத்தில் முதலில் கடந்து வந்த குடைவு அதுவே. இருப்புப்பாதை எந்த ஊரைத் தொடுகின்றதோ அவ்வூர் வளரும். எதனை விலக்குகின்றதோ அது வாடும். பொருள் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு எழுதும் நமக்கு இதனை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மணலும் நீரும்

நன்மை செய்தார்க்கும் இடர் வந்தே தீரும் போலும். 1848 புரட்சிக்குப் பின் டார்சி தம் ஊரிலிருந்து வேற்றூருக்கு மாற்றப்பட்டார். பின்னர்ப் பாரிசில் நீர்த்துறைத் தலைவராய்ப் பணிபுரிந்து, உடல் நலிந்து, 1855இல் டிஜோனுக்கு மீண்டார். பிறராயின் ஓய்வு கொண்டிருப்பர். அவரோ அவ்வாண்டு அக்டோபரில் டிஜோன் மருத்துவமனை வளாகத்தில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் மணலை நிரப்பி, மேலே நீரை விட்டு, எவ்வளவு நீர் எவ்வளவு நேரத்தில் கீழே கசிகின்றது என்று அளந்தார்.

அவர் கண்டது இது: நீரை அழுத்தும் மட்டவேறுபாடு மிகுந்தால் கசிவும் அதே விகிதத்தில் மிகும், மணற்படுகையின் கனம் மிகுந்தால் கசிவு அதே விகிதத்தில் குறையும். 1856இல் டிஜோன் நகரின் பொதுக் குழாய்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் இதனை எழுதி வைத்தார். 1858 சனவரி 3ஆம் நாள் மறைந்தார். நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணிக்கும் அறிவியலுக்கெல்லாம் அவ்விதியே அடிப்படை. அவர் உடல் டிஜோனில் அடக்கம் செய்யப்பட்டது; தண்ணீர் வந்து சேர்ந்த இடம் அவர் பெயரைப் பெற்றது. அங்கிருந்த நீர்த்தேக்கத்தைச் சூழ 1880இல் பூங்காவும் எழுந்தது.

1204இல் தோன்றிய அம்மருத்துவமனை நம் காலத்தில் வேறிடம் பெயர்ந்தது. அது நின்ற இடத்தில் 2022 மே மாதத்தில் உணவுக்கும் மதுவுக்குமான ஒரு பெரும் பன்னாட்டு மையம் திறக்கப்பட்டது. இன்று பல நாட்டு மக்கள் அங்குச் சென்று உண்டு மகிழ்கின்றனர். நோயுற்ற ஒரு மனிதர் மணலில் நீரூற்றி அளந்த வளாகம் அது என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் எண்ணுவர்?

நம் பிழை

பிற ஊரார் மறதியைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டோ எனின், இல்லை. சென்ற ஆண்டுச் சங்க அறிக்கையை எழுதியவர் நாமே. விருந்துக்கு அரிசி தந்தவர், நெய் தந்தவர், வாழையிலை வரவழைத்தவர் யாவர் பெயரையும் தவறாது குறித்தோம். ஆனால், கோடையில் நிலையத்தருகே நம் சங்கம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு, நாற்பது நாளும் விடியற்காலையில் எழுந்து, மிதிவண்டியில் குடம் குடமாக நீர் கொணர்ந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் பெயரை எழுத மறந்தோம். அவர் மொழி வேறு. நம் சங்க உறுப்பினரும் அல்லர். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்த எத்துணையோ குழந்தைகள் அவர் கொணர்ந்த நீரைக் குடித்தன. அச்சிட்ட அறிக்கையை அவரிடமே தந்தோம். தமிழ் படிக்கத் தெரியாதபடியால் தம் பெயர் அதில் இல்லாததை அவர் அறியவில்லை. மகிழ்ந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். டார்சியின் வரலாற்றைப் படித்த இரவில் அந்தக் காட்சியே நம் கண்முன் வந்து நின்றது.

ஆதலின், இவ்வாண்டு அறிக்கையில் அவர் பெயர் முதல் வரியில், தமிழிலும் அவருடைய மொழியிலும் அச்சாகும். விழா நாளில் அவரை மேடைக்கு அழைத்து வருமாறு செயற்குழுவையும் வேண்டியுள்ளோம். பந்தியில் அமர்ந்ததும் இலையில் முதலில் தெளிப்பது தண்ணீரே. அதன் பின்னரே அறுசுவையும் வருகின்றது. விருந்தின் பெருமையைப் பேசுவோம்; தண்ணீர் தந்தவரையும் மறவாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!