விதியும் தலைமையும்: ஈனியட் காப்பியமும் சிவபாரதமும்

நாடாள்வோனைக் காப்பியத் தலைவனாக்கிப் பாடும்போது, அவன் பெற்ற வெற்றி விதியால் அமைந்ததா, ஆற்றலால் அமைந்ததா என்னும் வினா எழுகிறது. விதி என்றால் தலைவனின் பெருமை குறைகிறது. ஆற்றல் மட்டுமே என்றால் அவனது ஆட்சியுரிமை ஐயத்திற்கு உள்ளாகிறது. இச்சிக்கலை இலத்தீன் மொழிக் காப்பியமான ஈனியடும், மராட்டிய மண்ணில் தோன்றிய வடமொழிக் காப்பியமான சிவபாரதமும் எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூல்களின் பின்னணி

உள்நாட்டுப் போர்களுக்குப் பின் அகஸ்டஸ் உரோமில் ஆட்சியை நிலைநாட்டிய காலத்தில், வர்ஜில் (கி.மு. 70–19) ஈனியடை 12 காண்டங்களாகப் பாடினார். இறுதித் திருத்தம் முடியுமுன் அவர் இறந்தார். நூலை எரித்துவிட அவர் விரும்பினார் என்றும், அகஸ்டஸ் அதனைத் தடுத்தார் என்றும் பழைய வரலாறுகள் கூறும்.

சிவபாரதம், சிவாஜியின் விருப்பத்திற்கிணங்கக் கவீந்திர பரமானந்தர் இயற்றியது. இதுவும் முற்றுப்பெறவில்லை, 31 இயல்கள் முழுமையாகவும், 32ஆம் இயலில் 9 சுலோகங்களும் கிடைத்துள்ளன. இதன் சுவடிகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜியின் வழியினர் தஞ்சையை ஆண்டமை இங்கு நினையத்தக்கது. 1927இல் திவேகர் இந்நூலைப் புணேயில் பதிப்பித்தார்.

சுமையாகும் விதி

ஈனியஸ் விதியை விரும்பி ஏற்றவன் அல்லன். திராய் நகர் எரியும்போது தந்தை அங்கைசஸைத் தோளில் சுமந்து வெளியேறுகிறான். கார்த்தேஜ் அரசி டைடோவின் காதலைத் துறந்து செல்லுமாறு தெய்வ ஆணை அவனைப் பணிக்கிறது. அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எட்டாம் காண்டத்தில் உரோமின் எதிர்கால வரலாறு பொறித்த கேடயம் அவனுக்குக் கிடைக்கிறது. அதன் பொருளை அறியாமலேயே அதனைத் தோளில் ஏற்றுகிறான். முன்பு சுமந்தது கடந்த காலம்; பின்பு சுமப்பது எதிர்காலம். இவ்விரு படிமங்களும் தலைமையைச் சுமையாகவே காட்டுகின்றன.

உரிமையாகும் விதி

சிவபாரதத்தில் சிவாஜி திருமாலின் அவதாரமாகப் போற்றப்படுகிறார். பெங்களூரில் இருந்த தந்தை சாகாஜி இளம் சிவாஜியைப் புணேப் பகுதிக்கு அனுப்புவதும் பிறவி நோக்கம் நிறைவேறும் வழியாக அமைகிறது. 1659 நவம்பர் 10இல் பிரதாபகட்டில் அப்சல்கானைச் சந்திக்குமுன் தேவி தோன்றி வெற்றியை உறுதி செய்கிறாள். அவரது வாளில் அவளே உறைகிறாள். இங்கு விதி தலைவனை வருத்துவதில்லை. அது அவன் செயலுக்குச் சான்றளிக்கிறது.

இவ்வேறுபாட்டிற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சிவாஜியின் சத்திரிய மரபு அக்காலத்தில் ஐயுறப்பட்டது. 1674 சூன் 6இல் இராய்கட்டில் நடந்த முடிசூட்டு விழாவைக் காசிப் பண்டிதர் காகபட்டர் நடத்தி வைத்தார். சிவபாரதமும் காசியறிஞர்களுக்குப் பரமானந்தர் எடுத்துரைப்பதாகவே அமைந்துள்ளது. போர்க்களத்தில் வென்ற தலைவனுக்குக் கற்றோர் அவையில் ஏற்புத் தேடுவது நூலின் நோக்கங்களுள் ஒன்று எனக் கருதலாம். ஆதலின் இந்நூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், நிகழ்ச்சியையும் அதற்குக் கவிஞர் ஏற்றிய பொருளையும் பிரித்தறிதல் வேண்டும்.

பொறுப்பு என்னும் அளவுகோல்

ஈனியட் வாழ்த்தோடு முடியவில்லை. வீழ்ந்து இறைஞ்சும் டர்னஸை ஈனியஸ் சினத்தால் கொல்வதோடு முடிகிறது. அச்சினத்தை விதியின் மேல் ஏற்றிவிட வர்ஜில் இடந்தரவில்லை. ஊழின் வலிமையை உரைக்கும் சிலப்பதிகாரமும் பாண்டியனின் பிழையை ஊழால் மறைக்கவில்லை; தவற்றை உணர்ந்த கணமே அவன் உயிர் துறக்கிறான். சிவபாரதத்தில் தலைவனின் தயக்கத்திற்கும் பிழைக்கும் இத்தகைய இடம் இல்லை. உரிமையை நிலைநாட்ட வேண்டிய காப்பியம் அதற்கு இடமளிப்பது அரிது.

எனினும் சிவபாரதம் முடிசூட்டு விழாவை எட்டாமலே நின்றுவிட்டது. ஈனியடில் உரோம் நகரம் முன்னறிவிப்பாக மட்டுமே இடம்பெறுகிறது. தாம் போற்ற வந்த அரசின் நிறைவை இரு காப்பியங்களும் நிகழ்ச்சியாகக் காட்டவில்லை. தோளில் ஏற்றிய கேடயம் விதியைக் கடமையாக்குகிறது. தேவி உறையும் வாள் அதனை உரிமையாக்குகிறது. தலைமை பற்றிய காப்பியச் சிந்தனை இவ்விரு நிலைகளுக்கும் இடையே இயங்குகிறது.