கண்ணாடி இருந்த இடம்

லென்ஸைப் பூட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை 38.67 மில்லிமீட்டர். ஒலிம்பஸ் 2003-இல் இ-1 கேமராவைக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்த இடைவெளி அவ்வளவு. அங்கே ஒரு சிறு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்து நின்றது. லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பிப் படம் எடுப்பவரின் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். ஃபிலிம் காலத்து எஸ்.எல்.ஆர். விட்டுச்சென்ற ஏற்பாடு அது. ஃபிலிமில் வேறு வழி இல்லை. எடுக்கப்போகும் படத்தை அதே லென்ஸ் வழியாகப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். சென்சார் அப்படியல்ல, தான் காண்பதை நேராகத் திரைக்கே அனுப்பிவிடும். ஆனாலும் டிஜிட்டல் வந்து பல ஆண்டுகள் கண்ணாடி தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

2008 ஆகஸ்டில் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து அதை எடுத்துவிட முடிவு செய்தன. சென்சார் பழைய அளவுதான், 17.3-க்கு 13 மி.மீ. இடைவெளி மட்டும் 19.25 மி.மீ. ஆகப் பாதியாகச் சுருங்கியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்று பெயர். அந்த ஆண்டே பானாசோனிக்கின் ஜி1 வந்துவிட்டது. (கண்ணாடியில்லாமல் லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா 2004-இலேயே உண்டு, எப்சன் ஆர்-டி1. ஆனால் அது ரேஞ்ச்ஃபைண்டர். சென்சார் காண்பதைப் படம் எடுக்கும் முன் காட்டாது.)

ஜி1 பார்ப்பதற்குச் சின்ன எஸ்.எல்.ஆர். போலவே இருந்தது. மனதைப் பிடித்தது 2009 ஜூனில் ஒலிம்பஸ் வெளியிட்ட இ-பி1தான். 1959-இல் யோஷிஹிசா மைடானி வடிவமைத்த 'பென்' கேமராவின் வாரிசாக அதை அறிமுகப்படுத்தினார்கள். 36 படச் சுருளில் 72 படம் எடுக்க வைத்த அரைச்சட்டக் கேமரா பென். கையடக்கம்தான் அதன் பெருமை. வாரிசின் உடல் எடையும் சுமார் 335 கிராம்தான். அது வெளியான மறுமாதம் மைடானி காலமானார்.

கண்ணாடி போனபோது கூடவே ஃபோகஸின் வேகமும் போயிற்று. எஸ்.எல்.ஆரில் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைக் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்கும் அனுப்பும். லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். இ-பி1-இல் படம் எந்தப் புள்ளியில் கூர்மையாகிறது என்று லென்ஸ் முன்னும் பின்னும் போய்த்தான் தேட வேண்டியிருந்தது. ஓடுகிற குழந்தை அதற்குள் சட்டத்தைத் தாண்டிவிடும். வ்யூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷ் இல்லை. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது.

ஆனால் இடைவெளி சுருங்கியதில் ஒரு பெரிய வரவு இருந்தது. ஒவ்வொரு லென்ஸும் தனக்கென ஒரு தூரத்தில்தான் படத்தைக் குவிக்கும். லைகா எம் லென்ஸ்களுக்கு 27.8 மி.மீ., நிக்கான் எஃப் லென்ஸ்களுக்கு 46.5. கேமராவின் இடைவெளி 19.25 என்றால், மீதித் தூரத்துக்கு ஒரு வெற்று உலோக வளையம் போட்டால் போதும். அந்த வளையத்தில் லென்ஸ் துண்டு எதுவும் தேவையில்லை. அலமாரியில் கிடந்த அரை நூற்றாண்டுக்கு முந்தைய லென்ஸ்கள் மறுபடி படம் எடுக்கத் தொடங்கின. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அதற்குத் திரையே உதவியது. வேண்டிய இடத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 100 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டும், அகன்ற காட்சி கிடைக்காது. அந்தக் குறையோடும்கூட, மிரர்லெஸ் என்று பெயர் பெற்ற இந்தக் கண்ணாடியில்லாக் கேமராக்கள் செய்த நன்மைகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

2010-இல் சாம்சங் என்எக்ஸும் சோனி நெக்ஸும் வந்தன. அடுத்த ஆண்டு நிக்கான் 1 வந்தது. 2018-இல் அது முடிந்துபோனது. திருப்பம் 2013-இல் நேர்ந்தது. ஃபிலிம் சட்டத்தின் முழு அளவுச் சென்சாரை சோனி தன் ஏ7-க்குள் வைத்தது. பேட்டரியோடு சேர்த்து 474 கிராம். பாடி சுருங்கியது உண்மை. லென்ஸ் சுருங்கவில்லை, பெரிய சென்சாரை நிறைக்கிற பிரகாசமான லென்ஸுக்குப் பெரிய லென்ஸ் துண்டுகள் வேண்டும், அதைக் குறைக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது. 2016-இல் சோனி கொண்டுவந்த 24-70 எஃப் 2.8 லென்ஸ் மட்டும் 886 கிராம். பாடியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடை முன்பக்கம் இழுத்தால் மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

பேட்டரியும் ஒரு சுமை. எஸ்.எல்.ஆரில் கண்ணுக்குத் தெரிவது வெறும் ஒளி, அதற்கு மின்சாரம் வேண்டாம். மிரர்லெஸ்ஸில் பார்ப்பதற்கே சென்சாரும் திரையும் ஓட வேண்டும். கேமராத் தொழிலின் பொது அளவீட்டின்படி கேனான் 5டி மார்க் 3 ஒரு சார்ஜில் சுமார் 950 படம் தரும். ஏ7 சுமார் 340. முகூர்த்தம் முதல் பந்தி வரை ஓயாமல் எடுக்கிற கல்யாண ஃபோட்டோகிராபருக்கு இந்த வித்தியாசம் பை நிறைய பேட்டரி. லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடப்பதால் தூசியும் சுலபமாக ஏறும். பதிலுக்குக் கிடைப்பது: எக்ஸ்போஷரைக் கூட்டினால் குறைத்தால் படம் எப்படி வரும் என்று அழுத்தும் முன்பே கண்ணில் தெரிகிறது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது. ஃபோகஸும் பின்னால் சென்சாருக்குள்ளேயே குடியேறி வேகம் பிடித்தது. 2017-இல் சோனி ஏ9 சத்தமே இல்லாமல் நொடிக்கு 20 படம் எடுத்தது.

2018-இல் நிக்கானும் கேனானும் முழு அளவு மிரர்லெஸ்ஸுக்கு வந்தன. நிக்கானின் புதிய லென்ஸ் பூட்டு வளையமான இசட் மௌண்டின் இடைவெளி 16 மி.மீ. கேமராவைச் சிறிதாக்கப் பிறந்த இந்த வெற்றிடம் இப்போது பிரம்மாண்ட லென்ஸ்களுக்கும் வழிவிட்டது. அந்த மௌண்டுக்கு வந்த 58 மி.மீ. எஃப் 0.95 நாக்ட் லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ.

2020-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட கேமராக்களில் மிரர்லெஸ் முதன்முறையாக டிஜிட்டல் எஸ்.எல்.ஆரை மிஞ்சியது. அதே ஆண்டு ஜூனில், தன் கேமராத் தொழிலைக் கைமாற்றப்போவதாக ஒலிம்பஸ் அறிவித்தது. அதை ஏற்ற புதிய நிறுவனம் கேமராக்களின் பெயரை ஓஎம் சிஸ்டம் என்று மாற்றியது, மௌண்டை மாற்றவில்லை. 2009-இல் பானாசோனிக் விற்ற, 100 கிராம் எடையுள்ள 20 மி.மீ. லென்ஸை ஓஎம் சிஸ்டம் கேமராவில் இன்றும் அப்படியே மாட்டலாம், வளையம்கூட வேண்டாம்.