விரைவு ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் வரலாறு

விரைவு ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை என்பது, கணினி வலையமைப்பின் சுவிட்சுகளுக்கிடையே தகவல் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் விதிமுறை ஆகும். ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு இதனை 2001 இல் 802.1டபிள்யூ என்ற பெயரில் வெளியிட்டது.

தகவல் ஏன் சுற்றுகிறது? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அலுவலகம், கட்டிங், தையல், பேக்கிங் என ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சுவிட்ச் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளது. ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று, கடைசிச் சுவிட்சிலிருந்து முதல் சுவிட்சுக்கு இன்னொரு கேபிள் இழுக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் வளையம் உருவாகிவிட்டது. ஈதர்நெட்டில் செல்லும் தகவலுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லாக் கணினிகளுக்கும் என அனுப்பிய செய்தி ஓயாமல் சுற்றும். பின்னால் வருபவையும் சேர்ந்துகொள்ளும். சிறிது நேரத்தில் அலுவலகத்தில் பில் போட முடியாது, பேக்கிங்கில் லேபிள் அச்சாகாது.

இதற்கு 1985 இல் தீர்வு தந்தவர், டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன். சுவிட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். வேருக்குச் செல்லும் சிறந்த வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவைக்கும். மூடிய கேபிள் வீணல்ல, வேறொன்று அறுந்தால் அது திறக்கும். இதை விளக்கி அவர் ஒரு கவிதையும் எழுதித் தம் கட்டுரையில் சேர்த்தார். 1990 இல் இது 802.1டி என்ற தரமானது.

குறை, தாமதம். மாற்று வழி திறக்க 20, 15, 15 என 50 நொடிகள் வரை ஆகும். புதிய நெறிமுறையில் அண்டைச் சுவிட்சுகள் நேரடியாகப் பேசி ஒப்புக்கொள்வதால், பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வழி மாறுகிறது. 2004 இல் பழைய முறை தரத்திலிருந்தே நீக்கப்பட்டது.

2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு சில நாட்கள் முடங்கி, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினர். திட்டமின்றி நீண்டுகொண்டே போன வலையமைப்பு, பழைய ஸ்பேனிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டியிருந்தது.

விரைவு முறையிலும் வேரை நாம்தான் குறிக்க வேண்டும். எல்லாச் சுவிட்சுகளின் முன்னுரிமை எண்ணும் இயல்பாக 32768. அப்படியே விட்டால் குறைந்த வன்பொருள் முகவரி கொண்டது வேராகும். பல நேரங்களில் அது மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாக இருக்கும்! முதன்மைச் சுவிட்சுக்கு 4096 என்று கொடுத்தால் அது வேராகிவிடும். கணினி மட்டும் இணையும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட்டுகள் எனக் குறித்தால் அவை காத்திருக்காமல் உடனே இயங்கும்.