ஸ்கூட்டரைவிடப் பரவாயில்லை

மலிவான சின்னக் கார் என்ற ஆசைக்கு நம்மூரில் எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1952-ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தரவில்லை, கார் சந்தைக்கு வரவில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு இந்தக் கதையை நாம் வழக்கமாக முடித்துவிடுவோம். அந்தக் கார் வந்திருந்து, எதிரே வந்த லாரியில் மோதியிருந்தால் உள்ளே இருந்தவர் கதி என்ன என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே 1952-ல்தான் ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரேனிக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. விஷயம் எளிமையானது. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது. மோதலின் வேகத்தை இரும்பு தின்றுவிட்டால் உடம்புக்கு வருவது குறையும். ஆனால் நசுங்குவதற்கு நீளம் வேண்டும், கூடு நிற்பதற்கு நல்ல எஃகு வேண்டும். நீளமும் எஃகும் எடை. எடை ஏறினால் பெட்ரோல் செலவு ஏறும், விலையும் ஏறும். சின்னக் காரின் வரலாறு முழுக்க இந்தக் கயிறிழுப்புதான்.

இதில் பேட்டரி நுழைந்தபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா 2001-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவு, பெரியவர்கள் இரண்டு பேர் சௌகரியமாக உட்காரலாம், எட்டு ஈய-அமில பேட்டரிகள், ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கிலோமீட்டர். திருவண்ணாமலைக் கணக்கில் சொன்னால், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஐந்து தடவை முடிக்கலாம். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய்ச் சேர முடியாது.

இதே வண்டி லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. நெரிசல் கட்டணம் கிடையாது என்பதால் அங்கே அதற்கு ஒரு கூட்டமே இருந்தது. ஆனால் ஐரோப்பியச் சட்டப்படி அது கார் அல்ல, குவாட்ரிசைக்கிள். 400 கிலோவுக்குள் இருக்கும் நாலு சக்கர வண்டி. காருக்குரிய மோதல் சோதனை அதற்குக் கட்டாயமில்லை. அந்த 400 கிலோவில் பேட்டரியின் எடை சேராது! சட்டம் பேட்டரியைக் கழித்துவிட்டு எடை போட்டது. மோதும்போது அந்த எடை எங்கேயும் போய்விடாது, வண்டியோடுதான் வரும். 2007-ல் டாப் கியர் இதழுக்காக மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்தான காயம் வரக்கூடும் என்றது முடிவு. புகையில்லாத வண்டி என்பதற்காக ஒரு விலை கொடுக்கப்பட்டிருந்தது. ரசீதில்தான் அது இல்லை.

அடுத்து நானோ. 2008 ஜனவரி 10, டெல்லி பிரகதி மைதானம். ஸ்கூட்டரில் அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் கைக்குழந்தையோடு அம்மா உட்கார்ந்து போகும் காட்சிதான் இந்தக் காரை யோசிக்க வைத்தது என்றார் ரத்தன் டாடா. அந்தக் காட்சியைத் தெரியாதவர் நம்மில் யார்? ஒரு லட்சம் ரூபாய், இரண்டு சிலிண்டர், சுமார் 600 கிலோ. ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு, திறக்காத டிக்கி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அந்த விலைக்கு வந்தார்கள். ஏர்பேக் கிடையாது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியக் கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. நானோ, ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்குமே பூஜ்ஜியம். ஆனால் எல்லாப் பூஜ்ஜியமும் ஒன்றல்ல. போலோவின் கூடு உறுதியாக நின்றது. ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. நானோ, ஆல்டோ, ஐ10 ஆகியவற்றின் கூடே தாங்கவில்லை. ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பயனிருக்காது என்றது அறிக்கை.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. "ஸ்கூட்டரைவிடப் பரவாயில்லையே." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். நாலு பேர் பைக்கில் போவதைவிட நானோ மேல்தான். ஆனால் அந்த நாலு பேர் நானோவுக்கு மாறவேயில்லை. ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் செய்யும் சானந்த் ஆலை ஒரு வருடம்கூட அதன் பக்கத்தில் வரவில்லை. 2018 ஜூனில் தயாரானது ஒரே ஒரு நானோ.

பஜாஜ் க்யூட்டும் இதே வாதத்தோடுதான் வந்தது, ஸ்கூட்டருக்குப் பதில் ஆட்டோவைக் காட்டி. 2016-ல் யூரோ என்கேப் அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது.

நான் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருப்பவன். ஆசிரமத்தின் முன்னால் போகும் செங்கம் சாலைதான் கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகும் பாதை. அரசுப் பேருந்தும், கிரிவலம் நடப்பவரும், பெட்ரோல் ஆட்டோவும், சத்தமே வராத பேட்டரி ஆட்டோவும் ஒரே தாரில் போகிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோவில் ஏழெட்டுப் பேரை ஏற்றிய ஓட்டுநர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பைக்குல நாலு பேரு போறாங்களே சார், அதுக்கு இது மேல்தான?" என்றார். ரத்தன் டாடா சொன்னதும் இதுதான்.

எனக்குத் தோன்றுவது இது. "எதைவிடப் பரவாயில்லை?" என்ற கேள்வியோடு "எந்த வேகத்தில்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்வாசியாகக் குறையும். பௌர்ணமி இரவில் வண்டிகளைத் தடுத்துவிட்ட கிரிவலப் பாதையில் ரேவா மாதிரி ஒரு வண்டி மெதுவாகப் போனால் அதில் பெரிய ஆபத்தில்லை. அதே வண்டி செங்கம் சாலையில் பேருந்துக்கு எதிரே வந்தால் கதை வேறு. வண்டியில் போட முடியாத எஃகைச் சாலையில் போடலாம்: தனிப்பாதை, வேகத்தடை, கண்டிப்பான வேக வரம்பு. இந்தச் செலவு வண்டியின் விலையில் ஏறாது.

வழி இல்லாமல் இல்லை. 2024-ல் மின்சார டாடா பஞ்ச் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பேட்டரியும் பாதுகாப்பும் ஒரே சின்ன வண்டியில் சேர முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. விலை சுமார் பத்து லட்சம். பாரத் என்கேப் கார்களுக்கு மட்டும்தான் நட்சத்திரம் போடுகிறது. மூன்று சக்கரத்துக்கு அதில் இடமில்லை. பத்து லட்சம் இல்லாதவருக்கு மிஞ்சியிருப்பது சாலைதான். அதையாவது அவருக்கு ஏற்ற மாதிரி போட்டுக் கொடுக்கலாம்.