மரங்கள் தோற்ற வழக்கு

சூழலியல் பற்றிய உரையாடல்களில் ஒரு வழக்கின் பெயர் அடிக்கடி காதில் விழும். சியரா கிளப் எதிர் மார்ட்டன், 1972. மரங்களுக்கும் ஆறுகளுக்கும் நீதிமன்றப் படியேறும் உரிமை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் எழுதியது அந்த வழக்கில்தான். இதை எடுத்தாளும் கட்டுரைகள் பலவற்றை வாசிப்பவர், மரங்கள் அன்று வென்றுவிட்டன என்று எண்ணிக்கொள்ளக்கூடும். மரங்கள் வெல்லவில்லை, தோற்றன. தோற்ற பிறகும் அந்தப் பள்ளத்தாக்கு எப்படிப் பிழைத்தது, பிழைத்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில், ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் இருக்கிறது மினரல் கிங் பள்ளத்தாக்கு. 1870களில் வெள்ளி கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் வைத்த பெயர் அது. வெள்ளி பெரிதாகக் கிடைக்கவில்லை. அவர்கள் 1879இல் போட்ட, வளைவுகளுக்குக் கணக்கில்லாத மலைப்பாதை மட்டும் மிஞ்சியது. 1890இல் செக்வோயா தேசியப் பூங்கா அமைந்தபோதும், 1926இல் அது விரிவாக்கப்பட்டபோதும், சுரங்க வரலாற்றைக் காரணம் காட்டி இப்பள்ளத்தாக்கை வெளியே விட்டார்கள். அது வனத்துறையின் கையில், வனவிலங்குப் புகலிடம் என்ற பெயருடன் நின்றது. மூன்று பக்கம் பூங்கா, நடுவில் பூங்காவில் சேராத ஒரு நிலம். பின்னாளில் வந்த சிக்கல்கள் அனைத்தும் இந்த எல்லைக்கோட்டில் தொடங்கியவை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பனிச்சறுக்கு அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் விளையாட்டாயிற்று. 1940களின் இறுதியில் வனத்துறை இங்கே பனிச்சறுக்கு விடுதி அமைக்கலாம் என்று யோசித்தபோது சியரா கிளப் அதை எதிர்க்கவில்லை. பாதை போடும் செலவுக்கு அஞ்சி முதலீட்டாளர்கள்தாம் முன்வரவில்லை. 1965இல் வனத்துறை மீண்டும் அழைத்தது. வந்த ஆறு திட்டங்களில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தினுடையது தேர்வாயிற்று. 1960இல் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் விழா நிகழ்ச்சிகளை நடத்தித் தந்தவர் டிஸ்னி. பனிமலைகள் மேல் அவருக்கிருந்த ஈடுபாடு போலியானதன்று. கார்களை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணமும் அத்திட்டத்தில் இருந்தது. 1966 டிசம்பரில் அவர் இறந்தார். திட்டம் நிறுவனத்தின் கையில் தொடர்ந்தது.

1969இல் வனத்துறை ஒப்புதல் தந்த திட்டத்தின் அளவு இது: முதலீடு 3.5 கோடி டாலர். நாளொன்றுக்கு 14,000 பேரை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், நீச்சல் குளங்கள். பள்ளத்தாக்கின் அடியில் 80 ஏக்கர் நிலம் 30 ஆண்டு அனுமதியில். 20 மைல் நீளச் சாலை. அதன் ஒரு பகுதி செக்வோயா பூங்காவை ஊடறுத்துச் செல்லும். கூடவே 66,000 வோல்ட் மின்கம்பி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுப்படுத்தும் அரசு ஒருபுறம், கட்டத் துடிக்கும் வணிகம் மறுபுறம் என்று இவ்வரலாற்றைப் பிரித்துவிட முடியாது. வணிகத்தை அழைத்து வந்ததே காட்டைக் காக்க வேண்டிய துறைதான். துலேரி வட்டாரம் வேளாண்மையை நம்பியிருந்தது. மலையடிவாரத்தில் கடையும் தங்குமிடமும் நடத்துபவர்களுக்குக் குளிர்காலம் வெறுங்காலம். அவர்களுள் பலர் அந்தச் சாலையை விரும்பியதில் பேராசை எதுவும் இல்லை. மறுபுறம், எதிர்த்து நின்ற சியரா கிளப்பும் சில ஆண்டுகளுக்கு முன் இதே கருத்துக்கு இசைந்திருந்த அமைப்புதான். நிலைப்பாடுகள் மாறின, மாறுவதற்கு நியாயமும் இருந்தது. திட்டத்தின் அளவு மாறியிருந்தது, காடுகளைப் பற்றிய அமெரிக்கரின் பார்வையும் மாறியிருந்தது.

1969 ஜூனில் சியரா கிளப் வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றம் தடை விதித்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. 1972 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சியரா கிளப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பள்ளத்தாக்கின் மேல் அக்கறை இருந்தால் மட்டும் போதாது, வழக்காடுபவரோ அவர் சார்பிலுள்ளவரோ நேரடியாகப் பாதிக்கப்பட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு மாறாகத்தான் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். கப்பலையும் நிறுவனத்தையும் சட்டம் ஆளாக ஏற்கும்போது, பள்ளத்தாக்கையும் ஓடையையும் ஏன் ஏற்கக்கூடாது என்பது அவர் வாதம். சட்டப் பேராசிரியர் கிறிஸ்டஃபர் ஸ்டோன் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை அதற்குத் துணையாயிற்று. இவ்வகைச் சிந்தனை பிற்காலத்தில் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் இயற்கையைச் சட்ட ஆளுமை கொண்ட உயிருள்ள ஒன்றாக அறிவித்ததும் இந்த வரிசையில் வருவதே. ஆனால் 1972இல் அது சிறுபான்மைக் கருத்து. அதனால் மினரல் கிங்கின் ஒரு மரமும் அன்று காப்பாற்றப்படவில்லை.

காப்பாற்றியது வேறு. தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று, மனுவைத் திருத்தி மீண்டும் வரலாம் என்று வழிகாட்டியிருந்தது. சியரா கிளப் அவ்வாறே செய்தது. இம்முறை அதனுடன் மனுதாரராகச் சேர்ந்தவர்கள், பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கோடைக்குடில் வைத்திருந்தவர்களின் சங்கத்தார். நேரடிப் பாதிப்பு அவர்களுக்குத்தான் இருந்தது. இதற்கிடையே 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சூழல் கொள்கைச் சட்டம், திட்டத்தின் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை தரச்சொன்னது. 1972இல் கலிபோர்னியா மாநிலம் சாலைத் திட்டத்தைக் கைவிட்டது. ஆண்டுகள் கடந்தன, செலவுக்கணக்கு ஏறியது, டிஸ்னி நிறுவனத்தின் ஆர்வம் குறைந்தது. இறுதித் தீர்ப்பே இல்லாமல் 1977இல் வழக்கு முடிந்தது.

பிறகு நாடாளுமன்றம் வந்தது. அவ்வட்டாரத்தின் உறுப்பினர் ஜான் கிரெப்ஸ், மினரல் கிங்கைத் தேசியப் பூங்காவோடு சேர்க்க முன்னின்று உழைத்தார். 1978 நவம்பர் 7 தேர்தலில் அவர் தோற்றார். இந்த நிலைப்பாடும் அதற்கொரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. மூன்று நாள் கழித்து, நவம்பர் 10 அன்று, குடியரசுத் தலைவர் கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலையான பனிச்சறுக்கு அமைப்புகள் அப்பள்ளத்தாக்குக்கு ஒவ்வாதவை என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறியது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. குடில்காரர்களின் அனுமதி அவரவர் வாழ்நாள் வரைதான். தம் பெயரையும் பாதிப்பையும் தந்து வழக்குக்கு உயிர் கொடுத்தவர்கள், வெற்றி வந்ததும் பள்ளத்தாக்கில் விருந்தாளிகள் ஆனார்கள். ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் அந்தக் குடிலை இழக்கும். அவர்கள் மீண்டும் கால் நூற்றாண்டு முறையிட வேண்டியிருந்தது. 2003இல் அந்தச் சாலையும் குடில்களும் வரலாற்றுச் சிறப்புடைய இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறின. 2004இல் வந்த சட்டம் வாரிசுகளும் தொடர வழிசெய்தது. 2009இல் அருகிலுள்ள காட்டுப்பகுதி ஜான் கிரெப்ஸ் பெயரைப் பெற்றது. தோற்றவருக்கு முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்த மரியாதை அது.

சூழலுக்கும் வாழ்வாதாரத்துக்கும் நடுவே சமநிலை காண வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தராசு என்ற உருவகம் இரண்டு தட்டுகளை மட்டுமே காட்டும். மினரல் கிங்கில் தட்டுகள் பல. பனிச்சறுக்கு வேண்டிய நகரத்தார், சாலை வேண்டிய அடிவாரத்தார், அமைதி வேண்டிய குடில்காரர், பேச முடியாத மரங்கள். இவர்களுள் யாரும் முழுதாக வெல்லவில்லை. பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைக் காத்தது ஓர் அழகிய வாக்கியம் என்று நம்புவது நமக்கு இனிக்கும். காத்ததோ திருத்திய மனு, தாமதம், ஓர் அறிக்கை, பதவி இழந்த ஓர் உறுப்பினர், வாரிசுரிமையைப் பணயம் வைத்த சில குடும்பங்கள். அடுத்த முறை டக்ளஸை மேற்கோள் காட்டும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.