51 மணி நேரம் தாங்கிய பூட்டு

ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டிட்டு, பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்போம் இல்லையா? அந்த நம்பிக்கை 1851-ல் லண்டனில் எப்படி ஆட்டம் கண்டது என்பதுதான் இந்த எபிசோடு.

அந்த வருஷம் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி. அஞ்சரை மாசத்தில் சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். தாமஸ் குக் மட்டுமே ஒன்றரை லட்சம் பேரை ரயிலில் கூட்டி வந்தார். சாதாரண ஜனங்களும் வீட்டைப் பூட்டிட்டு ஊர் சுற்ற ஆரம்பித்த காலம்.

அப்போ இங்கிலாந்தில் ரெண்டு பூட்டுக்கு ஏக மரியாதை. ஒன்று, 1818-ல் காப்புரிமை பெற்ற சப் பூட்டு. யாராவது கம்பியை விட்டு நோண்டினால், உள்ளே ஒரு லீவர் அளவுக்கு மேல் எழும்பி மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் வந்து சாவியைப் போட்டதும், 'யாரோ கை வச்சிருக்காங்க'ன்னு தெரிஞ்சிடும். இன்னொன்று பிராமா பூட்டு. திறந்து காட்டினால் 200 கினி பரிசு என்ற சவாலோடு, 1790-லிருந்து பிக்காடிலி கடை ஜன்னலில் கம்பீரமா உட்கார்ந்திருந்தது.

பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப்ரெட் சார்லஸ் ஹாப்ஸ் வந்தார். அவரும் பூட்டு விற்பவர்தான். ஜூலையில், சாட்சிகள் முன்னால், சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். வேடிக்கை என்னன்னா, திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த அந்த அமைப்பே லீவரை எவ்வளவு தூக்கணும்னு அவருக்குத் துப்புக் கொடுத்தது. அடுத்து பிராமா. 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேர வேலை. அதுவும் திறந்தது.

இதை வெளியே சொன்னால் திருடர்களுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகாதா என்று சிலர் பதறினார்கள். திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பது ஹாப்ஸின் பதில். பிராமா தரப்பு பரிசைக் கொடுத்தது, ஆனால் முணுமுணுத்தது: தொந்தரவே இல்லாமல் இத்தனை நாள் எந்தத் திருடனுக்குக் கிடைக்கும்?

எனக்கு அந்த முணுமுணுப்புதான் முக்கியமாகப் படுகிறது. ஹாப்ஸ் விற்ற பூட்டையே சில வருஷத்தில் லைனஸ் யேல் ஜூனியர் திறந்துவிட்டார். ஆக, எந்தப் பூட்டும் கொஞ்ச நேரம்தான் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் யாராவது கவனிக்கணும். பத்து நாள் ஆளே எட்டிப் பார்க்காத வீடு, ஹாப்ஸுக்குக் கிடைத்த அதே அவகாசத்தைத் திருடனுக்குக் கொடுக்கிறது.

பொங்கல், தீபாவளி சமயத்தில் 'வெளியூர் போறவங்க ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க' என்று போலீஸ் கேட்பது அந்த அவகாசத்தைக் குறைக்கத்தான். எதிர் ஃபிளாட் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பேப்பர், பால் பாக்கெட் வாசலில் சேராமல் நிறுத்துங்க. ஏர்போர்ட் செல்ஃபியைத் திரும்பி வந்த பிறகு போடுங்க, லைக் எங்கேயும் ஓடிடாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.